வாழைக்காய் நிமிர்வது வெயிலைத் தேடியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாழைக்காய்கள் வெயிலைத் தேடியே மேல்நோக்கி வளைகின்றன என்று எங்கள் பகுதிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரியவர்களும் அதையே சொல்லிக்கொடுக்கிறோம். ஏத்தன் வாழை குலை தள்ளியதும் அருகில் நின்று பார்த்தால் இது பொருந்தாது. முதலில் கீழ்நோக்கி இருக்கும் பிஞ்சுகள், மடல் உதிர்ந்த சில நாட்களில், வெயில் படும் பக்கத்திலும் நிழல் விழும் பக்கத்திலும் ஒன்றுபோலவே நிமிர்கின்றன. அவற்றை நிமிர்த்துவது புவியீர்ப்பு.

கண்ணில்லாத செடிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வேர்நுனியை மூடியிருக்கும் வேர்மூடியிலும் இளந்தண்டிலும் உள்ள சில செல்களுக்குள் கனமான மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. செடி சாய்ந்தால் அவையும் இடம்பெயர்ந்து புதிய அடிப்பக்கத்தில் படிகின்றன. அதையொட்டி ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் கீழ்ப்பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. தண்டில் அது வளர்ச்சியைத் தூண்டுவதால் தண்டு மேலே வளைகிறது. வேரில் அதே ஹார்மோன் வளர்ச்சியைத் தடுப்பதால் வேர் கீழே வளைகிறது.

1806-இல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் தாமஸ் ஆண்ட்ரூ நைட், ஓடைநீரால் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்க வைத்தபோது, வேர்கள் சக்கரத்தின் வெளிப்புறமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. சுழலும் சக்கரத்தில் விதைகள் உணரும் விசை வெளிப்புறமாகவே இருக்கும்; செடி உணர்வது தன்மீது செயல்படும் விசையையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில் இதற்குப் பெரிய சான்றுகளும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் சாய்ந்தும் பிழைத்த தென்னைகளைப் பாருங்கள். முற்றிய தடி நிமிர முடியாமல் சாய்ந்தபடியே நிற்க, அதன்பின் வளர்ந்த பகுதி மட்டும் வானை நோக்கித் திரும்பியிருக்கும்.

புவியீர்ப்புக்கு ஏற்பச் செடி வளைவதைச் சொல்லும் புவிச்சார்பசைவு என்னும் பாடத்தைப் படம் வரைந்து முடித்துவிடாமல், ஆசிரியர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்து காட்ட வேண்டுகிறேன். ஈரத்துணியில் முளைவிட்ட சிறுபயறை, வேர் பக்கவாட்டில் நீண்டிருக்கும்படி வைத்து, வெளிச்சம் புகாத பெட்டியில் மூடிவிட்டு மறுநாள் திறந்தால் போதும். இருட்டிலும் வேர் கீழேயும் தண்டு மேலேயும் திரும்பியிருப்பதைப் பிள்ளைகள் தாங்களே காண்பார்கள்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.