டைல்ஸை மட்டும் திட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதானவர்கள் வீட்டில் வழுக்கி விழுவது பற்றிய உங்கள் கட்டுரையில் குளியலறைக் கைப்பிடி, சொரசொரப்பான டைல்ஸ், இரவு விளக்கு எல்லாம் இருந்தது, சரி. மாத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லையே?

நான் மெடிக்கல் கடை வைத்திருப்பவன். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடும் பெரியவர்கள் சிலருக்குக் கால் வீங்கும், அந்த மாத்திரையின் குணம் அது. வீக்கத்தைக் காட்ட வேறொரு டாக்டரிடம் பழைய சீட்டு இல்லாமல் போவார்கள், அவர் நீர் பிரிய மாத்திரை எழுதுவார், அப்புறம் ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடை, எழுந்தால் கிறுகிறுப்பு, அதற்கொரு மாத்திரை, தூக்கம் கெட்டதற்கு இன்னொன்று. இடுப்பெலும்பு முறிந்த பிறகு பழி தரைக்கு.

சுகர் மாத்திரை கதை இன்னும் மோசம். கிளிமிபிரைடையே இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டாக்டர்கள் எழுத, இரண்டையும் விழுங்குகிறவர்கள் உண்டு. உடம்பு இளைத்து, இரண்டு இட்லிகூட இறங்காத பாட்டிக்கு, நன்றாகச் சாப்பிட்ட காலத்து டோஸே ஓடிக்கொண்டிருக்கும். எண்பது வயதில் சர்க்கரை கொஞ்சம் கூடுவதைவிட விடியற்காலையில் அது தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழுவதற்குத்தான் நான் பயப்படுவேன். சிறுநீரகம் தளர்ந்தால் மாத்திரை உடம்பிலேயே தங்கிச் சர்க்கரையை இன்னும் இறக்கும்; அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் நார்மல் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. தசை வற்றியவர்களுக்கு, சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் குறைவாகவே காட்டும்.

2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. மாத்திரை கொண்டுவருகிற அம்மா அந்த வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு நோட்டில் எழுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டட்டும். பிரஷரை உட்காரவைத்துப் பார்த்தபின் நிற்கவைத்தும் பார்க்கட்டும். உட்கார்ந்தால் 140, நின்றால் 110 என்று இறங்குகிறவருக்குக் கைப்பிடி மட்டும் என்ன செய்யும்? கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறந்துவிட்டார்கள், ஆனால் எங்கள் ஊர்ப் பாட்டி எப்படி அங்கே போவார்? தாலுகா ஆஸ்பத்திரியில் மாதம் ஒருநாள் இதற்கென்று ஒதுக்கினால் போதும்.

அதுவரை, கைவலி மாத்திரை, லேகியம், கண் சொட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டர் மேஜையில் வைத்து, இதில் எதையெல்லாம் நிறுத்தலாம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாகத் தூக்க மாத்திரையை. அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
ஒட்டன்சத்திரம்