இரவல் கார், இரவல் துப்பாக்கி: ரெங்கம் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ரெங்கம் ஊராருக்கு,

வணக்கம். போன வாரம் கோயில் வாசலில் மாலை போட்டு, மைக்கையும் கையில் கொடுத்தீர்கள். நான் "எல்லாருக்கும் நன்றி" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா வீட்டுக்கு வந்து திட்டியதை அடுத்த லயம், அந்தத் தோட்ட வீட்டு வரிசை வரை கேட்டிருப்பீர்கள். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஆண்டு கார் ரேலிப் பந்தயத்தில் 1,600 சிசிக்குக் கீழ்ப்பட்ட பிரிவில் மூன்றாவதாக வந்தேன். இரண்டு மாதம் கழித்து 10 மீட்டர் ஏர் ரைஃபிள் துப்பாக்கி சுடுதலில் வெள்ளிப் பதக்கம். பேட்டி எடுக்க வந்த நிருபர் தம்பி, "உங்க சொந்தக் கார் என்ன மாடல்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கார் பட்டறை முதலாளி தவுக்கேயுடையது. துப்பாக்கி கிளப்புடையது, நம் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் ரைஃபிளும் ஆயுதம்தான், பயிற்சி முடிந்ததும் பூட்டிய அறைக்குத் திரும்பிவிடும். சுடும்போது போடும் கோட்டு எனக்கு முன்னால் சுட்ட ஓர் அக்காவுடையது. ஹெல்மெட், பக்கத்து இருக்கையில் இருந்து வழி சொல்லும் என் கோ-டிரைவரின் அண்ணனுடையது. காலுறை மட்டும் சொந்தம் என்றேன். தம்பி சிரித்தார், ஆனால் எழுதவில்லை.

அவர் அடுத்து கேட்டது, எல்லாரும் கேட்பது: ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு விளையாட்டு? என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான். கத்தாரின் நாசர் அல்-அத்தியா. 2011இல் தக்கார் ரேலியை வென்றார். பிறகு 2015, 2019, 2022, 2023 என்று வென்றுகொண்டே இருந்தார். அதே மனிதர் 1996 முதல் 2016 வரை ஆறு ஒலிம்பிக்கில் ஸ்கீட், அதாவது பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில் சுட்டவர். 2004 ஏதென்ஸில் சமநிலையை முறிக்க வெண்கலத்துக்காக நடந்த கூடுதல் சுடுதலில் தோற்று நான்காவதாக நின்றார். அந்தப் பதக்கம் கைக்கு வர எட்டு ஆண்டு ஆனது. 2012 லண்டனில், 41 வயதில், அதுவும் இன்னொரு கூடுதல் சுடுதலில் வென்று. அவர் எண்ணெய் நாட்டுக்காரர், காசுக்குக் குறைவில்லை என்பார்கள். நாமும் எண்ணெய் நாட்டுக்காரர்கள்தான், நம் எண்ணெய் செம்பனைக் குலையில் காய்க்கிறது.

அந்த லண்டன் ஒலிம்பிக்கை நான் பார்த்தது ஸ்டேஷன் பக்கத்து ஒட்டுக்கடையில். எனக்கு அப்போது 13 வயது. கடைக்கார மாமா, எனக்கு நீங்கள் கொடுத்த முதல் உதவி அந்த டீவி. பந்து விளையாட்டு கேட்டவர்களை எல்லாம் அதட்டிவிட்டு, ஒரு சின்னப் பெண்ணுக்காகத் துப்பாக்கி சுடுவதை வைத்தீர்கள். நம் நாட்டு நூர் சுரியானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு ரைஃபிள் பிடித்து நின்றார். அம்மா காப்பி வாங்க வந்தவர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். "வயித்துப் புள்ளையோட சுடுறா பாரேன்" என்றார். சில நாள் கழித்து அதே மைதானத்தில்தான் அல்-அத்தியா. ஸ்கீட்டில் தட்டு வெளியே வரும்வரை துப்பாக்கி இடுப்பருகில்தான் இருக்க வேண்டும். குரல் கொடுத்ததும் தட்டு உடனே வரலாம், மூன்று விநாடி கழித்தும் வரலாம். 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவருக்குப் பட்டது. "இவர் கார் பந்தயமும் ஓட்டுவாராம்" என்று மாமா சொன்னபோது என் விதி முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆறாம் ஆண்டில் எங்களுக்கு வகுப்பு எடுத்த ஆசிரியருக்கும் இங்கேயே ஒரு வணக்கம். நம் நாட்டுக் கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் காரில் உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவுப் பட்டத்தை வென்றதை, கரும்பலகையில் உலகப் படம் வரைந்து சொன்னவர் அவர். நான்கு ஆண்டு கழித்து அதே பட்டத்தை வென்றவர் அல்-அத்தியா. இதை நான் பிறகு கண்டுபிடித்துச் சொன்னபோது, "அப்போ நம்ம ஆள்தான் முதல்ல" என்று அவர் முகத்தில் ஒரு பெருமை.

அப்பாவுக்கு நன்றி சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், தரம் போய்விடும். மழையா, இருட்டா என்று அப்பா ஓட்டும் லோரி கேட்காது. பள்ளி விடுமுறையில் நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போவேன். நம் செம்மண் ரோட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் தூசு, நனைந்தால் சவுக்காரம். வண்டி வழுக்கும்போது பிரேக்கில் காலை வைத்தால் நேராக ரோட்டோரக் கான்தான், அந்த வடிகால்தான். அப்பா சொல்வார்: "கானைப் பாக்காத. பாத்தா வண்டி அங்கதான் போவும். போவ வேண்டிய எடத்தப் பாரு." பிறகு கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் இதையே அரை நாள் படம் போட்டு விளக்கினார். அப்பா எடுத்துக்கொண்டது ஒரு வளைவுதான். ஒன்று மட்டும் குறை: அவர் இன்றுவரை என் பந்தயம் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆலை வாசலில் நின்றுகொண்டு போன் வரக் காத்திருப்பார்.

அம்மா கதை கொஞ்சம் நீளம். கிளப்பில் கிடைத்த பழைய சுடும் கோட்டு எனக்கு இரண்டு சுற்றுப் பெரியது. கித்தான் துணி, பலகை போல நிற்கும். தையல் கடை அக்கா முடியாது என்று திருப்பிவிட்டார். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் உளி தீட்டிய அதே பொறுமையோடு, சாக்குத் தைக்கும் ஊசியை வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்தார். தோள்பட்டை தேய்ந்திருக்கிறதே என்று உள்பக்கம் ஒட்டுத்துணியும் வைத்துத் தைத்துவிட்டார், பாசத்தில். போட்டிக்கு முதல் நாள் சாமான் சோதனை. கோட்டின் தடிப்பு ஒரு மடிப்புக்கு 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அம்மாவின் ஒட்டுத்துணி அளவுமானியில் சிக்கிக்கொண்டது. நான் அழுதுகொண்டே போன் செய்தேன். கடைசி பஸ் போய்விட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் தன் கான்சில் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஜொகூர் பாருவுக்கு வந்து சேர்ந்தார். விடுதி அறை விளக்கில் தான் போட்ட தையலைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் கோட்டு தேறியது. நான் தேறவில்லை, பதினாலாவது. ஆனால் அந்த அண்ணனுக்கு எண்ணெய்க் காசு இன்னும் கொடுக்கவில்லை, அண்ணே, ஞாபகம் இருக்கிறது.

எனக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்த சார்ஜன் பாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. இதை அவருக்கு யாராவது மலாயில் படித்துக் காட்டுங்கள். ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், ஒரு காசு வாங்காமல் சனிக்கிழமை தவறாமல் சொல்லிக்கொடுத்தவர். அவர் என்னிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் "மெதுவா". 60 குண்டுக்கு 75 நிமிடம் உண்டு. நான் அரை மணியில் சுட்டுத் தள்ளிவிட்டுக் கிளம்பப் பார்ப்பேன். நடுவில் உள்ள பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான், அவசரத்தில் அது கிடைக்குமா? பின்னால் நின்று "மெதுவா, மெதுவா" என்பார். மோட்டார் ஓட்டும் பெண்ணுக்கு மெதுவாகச் சுடக் கற்றுக்கொடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று அவர் மனைவியைக் கேளுங்கள். நோன்பு மாதத்தில்கூட ஒரு சனிக்கிழமை விட்டதில்லை.

தவுக்கே, உங்கள் 555 கடன் நோட்டில் என் பக்கம் எத்தனையாவது என்று தெரியாது. அந்தப் புரோட்டோன் சத்ரியா கார் உங்கள் பட்டறைப் பின்பக்கம் கோழி அடைந்து கிடந்த வண்டி. "ஓட்டிப் பார், உடைஞ்சா எழுதிக்கிறேன்" என்றீர்கள். நான் உடைத்தேன், நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். இரண்டாம் பந்தயத்திலேயே செம்பனை மரத்தில் முன்பக்கத்தைக் கொண்டுபோய்ச் சாத்தினேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது, "மரத்துக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றுதான். அன்றிரவு சிரித்ததில் விலா வலித்தது. விலா வலிக்கு வேறு காரணம் இருந்ததும் மறுநாள்தான் தெரிந்தது.

அந்த மரத்தின் கதையில் என் கோ-டிரைவருக்கும் பங்கு உண்டு. பள்ளித் தோழி, மலாய்ப் பெண், வளைவுகளைக் குறித்துவைத்த பேஸ் நோட்டை மலாயில் படிப்பாள். இன்டர்காம் இரைச்சலில் "கானான்" என்று அவள் வலப்பக்கம் காட்டியது, என் காதில் பாதிதான் விழுந்தது. எனக்குக் கேட்டது "கான்!" தோட்டத்தில் பிறந்தவளுக்குக் கான் என்றால் என்ன செய்வாள்? பிரேக்கை மிதித்தேன். அப்பா சொன்னதை மறந்தேன், மரத்தைப் பார்த்தேன், மரத்துக்கே போனேன். அதற்குப் பிறகு வலப்பக்கத்துக்கு மட்டும் அவள் தமிழில் "வலது" என்பாள். நேர அட்டையை அவள் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் பற்றித் தனி மடலே எழுதலாம். சோதனைச் சாவடிக்கு ஒரு நிமிடம் தாமதித்தால் பத்து விநாடி தண்டம், ஒரு நிமிடம் முந்தினால் ஒரு முழு நிமிடம் தண்டம். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பயந்தே வளர்ந்த எனக்குச் சீக்கிரம் போனால் தண்டனை என்பது இன்னும் புரிந்தபாடில்லை. அவள் மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்னைச் சாவடிக்கு முன்னால் நிறுத்திவைப்பாள்.

பிறகு, பணம். டயர் வாங்கக் காசில்லாமல் நின்ற வருஷம் எட்டு அக்காமார் தாங்கள் பிடித்த கூட்டின், அதாவது சீட்டின் முதல் தவணையை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். கூட்டு பிடிப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த காரியம் என்பதால் உங்கள் யார் பெயரையும் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், போதும். அதில் ஓர் அக்காவுக்கு அந்த மாதம் மகன் கல்லூரிக் கட்டணம் இருந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். கேட்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை.

உதவாதவர்களைப் பற்றி எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஒன்றே ஒன்று. ஓர் அலுவலகத்தில் என் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஒண்ண விடு, அப்புறம் பாக்கலாம்" என்றார் ஒருவர். எதை விடுவது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ரெங்கத்தில் இறங்கும்போது மறந்துவிட்டது, ஏனென்றால் தவுக்கே பட்டறையில் கார் தயாராகி நின்றது. விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. அது போகட்டும்.

பொங்கல் பொட்டலம் கட்டித் தந்த, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை பாட்டி, கோயில் கமிட்டியில் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வேட்டு" என்று எதிர்த்துப் பேசிவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்து ஐம்பது வெள்ளிக் காசு வைத்துவிட்டுப் போன மண்டோர் (கங்காணி) தாத்தா, பயிற்சி நேரத்தில் ரோட்டில் மாடு வராமல் பார்த்துக்கொண்ட தம்பிகள், எல்லாரையும் எழுதினால் தாள் போதாது. விட்டுப்போனவர்கள் வீட்டுக்கு வந்து சண்டை போடலாம், காப்பி உண்டு.

இரவல் வாங்கியதைத் திருப்ப வேண்டும். கோட்டை என்னிடம் கொடுத்த அக்காவிடம் எடுத்துப் போனேன். வேண்டாம், அடுத்த பெண்ணுக்குக் கொடு என்றார். தமிழ்ப்பள்ளி முடித்த ஒரு பெண் இரண்டு மாதமாகச் சனிக்கிழமை கிளப்புக்கு வருகிறாள். போட்டுப் பார்த்தாள், அவளுக்கும் இரண்டு சுற்றுப் பெரியது. அம்மா ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை ஒட்டுத்துணி கிடையாது, அளவுமானியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை சத்ரியா தவுக்கே பட்டறை வாசலில் நிற்கும். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும். ஹாரன் வேலை செய்யாது. இடப்பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெண்,
லோரிக்காரர் மகள்