லாரியின் பின்புறம் தொழிலாளர்களை ஏற்றிச் செல்ல அனுமதிக்கும் சட்டவிலக்கை நீக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு மனிதவள அமைச்சர் அவர்கள்,
மனிதவள அமைச்சு, சிங்கப்பூர்.

அனுப்புநர்:
துவாஸ் வட்டார விடுதிகளில் தங்கியுள்ள வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள்.

நகல்: போக்குவரத்து அமைச்சு

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பதே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பொது விதி. வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கு மட்டும் அதில் விலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த விலக்கில்தான் நாங்கள் தினமும் பயணம் செய்கிறோம்.

2019ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமோ, முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போகும்போது அடிபட்டால் அதை வேலையில் பட்ட காயமாகவே கொள்கிறது. அடிபட்டால் இழப்பீடு உண்டு, நன்றி. அடிபடாமல் இருக்க ஒரு இருக்கையும் பெல்ட்டும் கேட்டால்தான் கிடைப்பதில்லை. காரின் பின்னிருக்கையில் பெல்ட் போடாதவருக்கு இதே ஊரில் அபராதம்.

2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் நின்றிருந்த டிப்பர் லாரியில், தொழிலாளர்களை ஏற்றி வந்த லாரி மோதி இருவர் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். அதன் பிறகு, 2023 முதல் மழைத்திரை, ஓட்டுநர் அயராமல் பார்த்துக்கொள்ள உடன் ஒருவர், ஓட்டுநருக்குப் போதிய ஓய்வு என விதிகள் வந்தன. மழைத்திரை நனையாமல் காக்கும், மோதலில் காக்காது. ஓய்வு விதியும் ஏட்டளவில்தான் நிற்கிறது: பகல் முழுக்கக் கம்பி கட்டிய ஆளே ஓவர்டைம் முடிந்து இரவில் லாரியை எடுக்கிறார். பக்கத்தில் விழித்திருக்க வேண்டியவரும் அதே சைட்டில் வேலை பார்த்தவர்தான்.

பஸ் வைத்தால் சிறு நிறுவனங்கள் தாங்காது என்கிறார்கள். அது முழுப் பொய்யல்ல, எங்கள் முதலாளிகளில் சிலர் உண்மையிலேயே சிறியவர்கள். ஆனால் கட்டுமானத் துறையில் வெளிநாட்டுத் தொழிலாளரின் வேலை அனுமதிக்கு (பெர்மிட்டுக்கு) முதலாளியிடமிருந்து பெரும்பாலும் மாதம் 500 அல்லது 900 வெள்ளி தீர்வை அரசுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதியைச் சிறு நிறுவனங்களின் பஸ் செலவுக்குத் திருப்பித் தரலாம். பக்கத்துப் பக்கத்து சைட்டுகள் ஒரே பஸ்ஸைப் பகிரவும் செய்யலாம்.

ஆகவே, அந்தச் சட்டவிலக்கு முடிவுக்கு வரும் தேதியைச் சட்டத்திலேயே எழுத வேண்டுகிறோம். எல்லாரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால், விரைவுச்சாலை வழியாக வரும் நீண்ட பயணங்களிலும் இரவுப் பயணங்களிலும் தொடங்கலாம். அதுவரை, அன்று சைட்டில் வேலை செய்தவர் ஆள் ஏற்றிய லாரியை ஓட்டத் தடை வேண்டும். நெரிசலான லாரியில் ஏற மறுத்தவரின் பெர்மிட்டை அதற்காக ரத்து செய்யக்கூடாது என்பதும் சட்டமாக வேண்டும். இது இல்லாமல் மற்றவை பயன்படா, ஏனெனில் பெர்மிட் போய்விடும் என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

தொழிற்சங்கத்தில் நாங்கள் சேரலாம், ஆனால் குடிமக்கள் அல்லாதவர் அதில் பொறுப்பு வகிக்க அமைச்சரின் அனுமதி தேவை. 50 பேருக்குக் குறையாத கட்டுமான சைட்டுகளில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு ஏற்கெனவே கட்டாயம் என்பதால், விடுதியிலிருந்து சைட்டுக்கு வரும் பயணத்தையும் அந்தக் குழு விசாரிக்க வகைசெய்து, பெர்மிட் தொழிலாளர் ஒருவருக்கு அதில் இடம் தர வேண்டுகிறோம்.

நேரில் விளக்க அழைத்தால் ஞாயிற்றுக்கிழமை எந்நேரமும் வருகிறோம். மற்ற நாள்களில் விடுதி திரும்பவே இரவாகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துவாஸ் வட்டாரக் கட்டுமானத் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)