கொக்கிச் சட்டம் கேட்டவர்களுக்கு: முதலில் இருபது கட்டுகளை அளந்து அனுப்புங்கள்

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டிராக்டரின் முன்னால் உள்ள தூக்கும் கைகளில் (லோடரில்) மாட்டி, எட்டுப் பத்துப் புல் கட்டுகளைக் கொக்கிகளால் பிடித்து ஒரே தடவையில் தூக்கும் இரும்புச் சட்டத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "லோடர் முன்னால் மாட்டுகிற கொக்கிச் சட்டம்தானே, அதற்கு எங்கள் கட்டின் நீளம், அகலம், எடை எல்லாம் எதற்கு? போன வருஷம் கேட்காமலே செய்து கொடுத்தீர்களே!" கேட்காமலே செய்து கொடுத்தது எங்கள் தவறு. அது எப்படித் தவறாயிற்று என்று சொல்லிவிட்டால், இப்போது ஏன் இவ்வளவு கேட்கிறோம் என்பது விளங்கிவிடும்.

போன அறுவடை முடிந்ததும் ஒரே மாதிரிப் புகார் மூன்று வந்தது. எட்டுக் கட்டைச் சேர்த்துத் தூக்கினால் ஓரத்துக் கட்டு ஒன்று நழுவி விழுகிறது. முதலில் கொக்கியின் முனை மழுங்கிவிட்டது என்று நினைத்துத் தீட்டிக் கொடுத்தோம். பிறகு கொக்கியை நீட்டிப் பார்த்தோம். அப்போதும் விழுந்தது. கடைசியில் ஒருவரின் வயலுக்கே போய், தரையில் கிடந்த கட்டுகளை டேப் வைத்து அளந்தோம். ஒரே பேலர் (புல்லை அழுத்திக் கட்டாகக் கட்டும் இயந்திரம்), ஒரே நாள், ஒரே வயல். ஒரு கட்டு 82 செ.மீ., பக்கத்தில் கிடந்தது 101 செ.மீ. கொக்கியை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு கட்டின் நுனியைத்தான் அது பிடிக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய பேலர்களில் பெரும்பாலானவை கட்டும் கட்டின் குறுக்களவு சுமார் 35 × 45 செ.மீ. அது பேலரின் அறை அளவு, நம்மால் மாற்ற முடியாது. நீளம் மட்டும் நம் கையில் இருக்கிறது. நீளத்தை 90 செ.மீ. என்று வைத்தால், அகலப் பக்கம் தரையில் படும்படி நான்கு கட்டை ஒட்டி அடுக்கும்போது 4 × 45 = 180. நீளவாக்கில் இரண்டு வைத்தால் அதுவும் 180. ஆக எட்டுக் கட்டும் சேர்ந்து ஒரு சரியான சதுரம். சதுரம் என்பதால் அடுத்த அடுக்கைக் கால் திருப்பு திருப்பி வைக்கலாம். மேல் அடுக்கின் கட்டு கீழே இருக்கும் இணைப்புகளுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும், புல் போர் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். கையால் போர் அடுக்கிய பெரியவர்கள் ஒரு வரிசை நெடுக்கு, ஒரு வரிசை குறுக்கு என்று வைத்ததும் இதற்காகத்தான்.

நீளம் 100 செ.மீ. ஆகிவிட்டால் சதுரம் கெட்டு 180 × 200 என்ற செவ்வகமாகிவிடும். திருப்பி வைத்தால் ஒரு பக்கம் துருத்தும், இன்னொரு பக்கம் குழி விழும். நான்கைந்து அடுக்கு ஏறியதும் போர் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். எங்களிடம் "சட்டம் சாய்வாக இருக்கிறது" என்று வந்த இன்னொரு புகாரின் கதையும் இதேதான். சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை.

நீளம் ஏன் இப்படி மாறுகிறது என்றால், பேலரின் இடிப்பான் ஒவ்வொரு இடிக்கும் ஒரு மடிப்புப் புல்லை உள்ளே தள்ளுகிறது. நீளம் அளக்கும் பல்சக்கரம் குறித்த தூரம் வந்ததும் முடிச்சுப் போடும் பகுதிக்குத் தகவல் கொடுக்கிறது. அடுத்த இடியில் முடிச்சு விழுகிறது. ஆகவே கட்டின் நீளம் ஒரு மடிப்பின் தடிமன் அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யலாம். ஒரு கட்டுக்குப் பதினைந்து இடி விழுந்தால் மடிப்பு 6 செ.மீ. வேகமாக ஓட்டி எட்டே இடியில் கட்டு முடிந்தால் மடிப்பு 11 செ.மீ.க்கு மேல். அத்தனை வித்தியாசமும் நீளத்தில் வந்துவிடும். புல் வரிசை ஓரிடத்தில் குன்று மாதிரியும் இன்னோரிடத்தில் மெலிந்தும் கிடந்தால் கேட்கவே வேண்டாம். வரிசையை ஒரே சீராக இழுத்துவிட்டு, டிராக்டரை ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். எங்களுக்கு வேலை குறையும், பரவாயில்லை.

சிலர் எட்டுக்குப் பதில் பத்துக் கட்டுச் சட்டம் கேட்கிறீர்கள். செய்து தருகிறோம், ஆனால் பத்தில் கட்டைப் படுக்க வைத்தால் சதுரம் வராது, விளிம்பில் நிறுத்த வேண்டும். அப்போது 5 × 35 = 175, இரண்டு நீளம் 180. ஏறக்குறைய சதுரம். இதில் ஒரு நல்லதும் உண்டு. விளிம்பில் நிற்கும் கட்டின் கயிறு தரையில் படாமல் பக்கவாட்டில் ஓடும். சணல் கயிறு கட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம், ஈரத் தரையில் கிடந்த சணல் சீக்கிரம் இற்றுவிடும். ஆனால் பேலரிலிருந்து படுத்தபடி வெளியே வரும் கட்டை விளிம்பில் நிறுத்த, பேலருக்குப் பின்னால் இழுத்து வரும் இழுவைப் பெட்டியின் வாயில் வளைந்த சறுக்குத் தகடு ஒன்று வேண்டும். உங்கள் பேலரில் கட்டு எப்படிப் படுத்து வருகிறது என்று ஒரு போட்டோ அனுப்பினால்தான் அந்தத் தகட்டை எந்தப் பக்கம் வளைப்பது என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்து, வீட்டிலேயே கொக்கி செய்பவர்களுக்கு. உங்களில் பலர் சட்டத்தை எங்களிடம் வாங்கி, கொக்கியை நீங்களே மாட்டிக்கொள்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, அதைச் சட்டத்தோடு நேரடியாக வெல்டிங் வைக்காதீர்கள். ஸ்பிரிங் இரும்பில் கார்பன் அதிகம். சூடு பட்டுச் சட்டென்று ஆறிய இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வெல்டிங் பார்க்க அழகாகத்தான் இருக்கும், பக்கத்து விரலகலத்தில் முறியும். நாங்கள் செய்த முதல் சட்டத்திலேயே இப்படி ஆறு கொக்கி ஒரே நாளில் போயின. அதைப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம், வந்தால் பார்க்கலாம். ஸ்பிரிங் இரும்புதான் வேண்டுமென்றால் துளையிட்டு போல்ட்டில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் சாதாரண இரும்பு ராடை வளைத்துச் செய்யுங்கள். வளைந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். கால்வனைஸ் பூசிய பைப்பை வெல்டிங் வைப்பவர்கள் பூச்சை முழுக்கத் தேய்த்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். துத்தநாகப் புகை அன்று இரவே குளிர் காய்ச்சலைக் கொண்டுவரும்.

கொக்கிகளை எண்ணெய் அழுத்தத்தால் புல்லுக்குள் இறக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் விஷயத்தில்தான் எங்களுக்கு உண்மையான கவலை. "பெரிய சிலிண்டர் போட்டால் பிடி இறுகும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 50 மி.மீ. உள்விட்டம் உள்ள சிலிண்டருக்கு 150 பார் அழுத்தம் கொடுத்தால் ஏறத்தாழ 3 டன் விசை வருகிறது. புல்லுக்குள் நுழைய அதில் கால்வாசிகூட வேண்டாம். எல்லாக் கொக்கியும் புல்லில் போகும்வரை பிரச்சினை இல்லை, விசை எல்லாவற்றுக்கும் பங்காகப் போகும். ஒரே ஒரு கொக்கி கட்டுக்கடியில் கல்லில் முட்டினால் மொத்த விசையும் அந்த ஒன்றின்மேல் இறங்கும். கொக்கி வளையும், இல்லையென்றால் சிலிண்டர் தண்டு வளையும், அதுவும் இல்லையென்றால் அதை மாட்டியிருக்கும் பின் (ஆணி) அறுபடும். 32 மி.மீ. சிலிண்டரில் அதே அழுத்தத்துக்கு சுமார் 1.2 டன்தான் வரும். அதோடு ஒரு அழுத்தம் விடுவிக்கும் வால்வும், எண்ணெயின் வேகத்தைக் குறைக்கும் சிறு துளைத் தடுப்பும் போட்டால் போதும். கொக்கி மெதுவாக இறங்கும், அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும். இனிமேல் 50 மி.மீ. சிலிண்டர் போட்டுத் தரச் சொன்னால் நாங்கள் செய்ய மாட்டோம்.

ஹோஸில் எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து வரும் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி, விரலையே எடுக்கும்படி ஆகலாம். அட்டையைக் காட்டிப் பாருங்கள். தவறிப் பட்டுவிட்டால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எடையைக் கேட்பதற்குக் காரணம் டிராக்டர். கட்டு ஒன்று 20 கிலோ என்றால் பத்துக்கு 200 கிலோ. சட்டம் 150 கிலோ. மொத்தம் 350 கிலோ, அதுவும் முன்சக்கரத்துக்கு வெகுதூரம் முன்னால் தொங்குகிறது. பின்பக்கம் எதிர் எடை இல்லாவிட்டால் பின்சக்கரம் தரையை விட்டு லேசாகும், பிரேக் பிடிக்காது. தூக்கிய சுமையோடு வயலைக் கடக்காதீர்கள். முழங்கால் உயரத்தில் வைத்து ஓட்டி, போரின் முன்னால் நின்ற பிறகு தூக்குங்கள். மேலே தூக்கிய கட்டு ஒன்று நழுவினால் அது முன்னால்தான் விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, லோடர் கைகளில் உருண்டு ஓட்டுநர்மேல் வந்து விழுந்ததும் உண்டு. தலைக்குமேல் கூரைத் தடுப்பு இல்லாத டிராக்டருக்கு நாங்கள் கொக்கிச் சட்டம் மாட்டித் தருவதில்லை. இதில் கோபித்துக்கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்கள் பதில் இதேதான்.

பேலருக்குப் பின்னால் இழுத்து வந்து எட்டோ பத்தோ கட்டைச் சேர்த்துத் தரும் இழுவைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடித்தட்டு இல்லாமல், கட்டு தாளடிமேலேயே வழுக்கி வரும் எளிய பெட்டிதான் நீண்டகாலம் உழைக்கிறது. உள்ளே வழிமாற்றும் கதவுகள் கட்டின் தள்ளலில் தாமாகவே திரும்ப வேண்டும். ஸ்பிரிங்கும் ஒரு தாழ்ப்பாளும் போதும். சென்சார், மோட்டார், வயரிங் கேட்கிறீர்கள். தூசியும் எலியும் இருக்கும் இடத்தில் வயரிங் எத்தனை பருவம் தாங்கும்?

இவ்வளவையும் படித்துவிட்டு, "எனக்கு இது தேவையா?" என்று யோசித்தால் அதுவும் நல்லதே. 500 கட்டு என்பது 10 டன். வயலிலிருந்து டிரெய்லருக்கு, டிரெய்லரில் அடுக்க, இறக்க, கொட்டகையில் மறுபடி அடுக்க என்று ஒவ்வொரு கட்டையும் நான்கு முறை தூக்கினால் 40 டன்னை மனிதர்கள் கையால் தூக்குகிறார்கள். அந்த அளவுக்கு வேலை உள்ளவர்களுக்கு இழுவைப் பெட்டியும் கொக்கிச் சட்டமும் உதவும். வருஷத்துக்கு நூறு, இருநூறு கட்டு என்றால் கட்டுகளை மேலே கொண்டுபோகும் ஒரு சங்கிலி ஏற்றியும் இரண்டு கைக்கொக்கியும் போதும். ஏற்றியின் சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் மூடி போட்டிருக்க வேண்டும். அதை டிராக்டரின் பின்னால் சுழன்று கருவிகளை ஓட்டும் பி.டி.ஓ. ஷாப்டில் ஓட்டினால் ஷாப்ட் மூடி இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ துண்டோ மாட்டினால் கத்தக்கூட நேரம் இருக்காது.

கடைசியாக ஒன்று. கொக்கிச் சட்டம் வாங்கிய பிறகு வந்த ஒரு புதுத் தொல்லை இது, நாங்களும் முதலில் யோசிக்கவில்லை. கையால் தூக்கியவரைக்கும் ஈரக் கட்டு ஒன்று கையில் கனத்தது. "இது பச்சையாக இருக்கு, தனியே போடு" என்று யாராவது சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். சட்டம் பத்தையும் ஒரே மூச்சில் தூக்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் ஈரக் கட்டு யார் கண்ணிலும் படாமல் போரின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. சிறிய கட்டுக்கு ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே சூடேறும். பெட்டியிலிருந்து வெளியே விழும் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு கட்டையாவது ஈரமானி குத்திப் பாருங்கள். அடுக்கிய பிறகு முதல் சில வாரங்களுக்கு, நுனி கூராக்கிய பைப்பைப் போருக்குள் செருகி, உள்ளே வெப்பமானியைக் கயிற்றில் இறக்கி, கால்மணி நேரத்துக்கு மேல் விட்டு எடுத்துப் பாருங்கள். 55 டிகிரி வந்தால் தினமும் பார்க்க வேண்டும். 65 வந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை. 80ஐ எட்டினால் போரைப் பிரிக்காதீர்கள், காற்றுப் புகுந்ததும் தீ பற்றிக்கொள்ளும். தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். சூடான போர்மேல் ஏறி நடக்கவும் வேண்டாம். உள்ளே எரிந்து குழியாகியிருந்தால் ஆளோடு இறங்கிவிடும்.

இனி அளக்கும் முறை. தொடர்ந்து விழுந்த இருபது கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொறுக்கி எடுக்காதீர்கள், அழகான கட்டுகளை மட்டும் அளந்து அனுப்பினால் சட்டமும் அவற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒவ்வொன்றின் நீளம், ஐந்து கட்டின் எடை, பேலரின் அறை அளவு, ஒரு கட்டுக்கு எத்தனை இடி, கயிறு சணலா பிளாஸ்டிக்கா, லோடர் அதிகபட்சம் எவ்வளவு தூக்கும், டிராக்டரில் கூரைத் தடுப்பு இருக்கிறதா என்பதை எழுதி அனுப்புங்கள். நீள வித்தியாசம் 6 செ.மீ.க்குள் இருந்தால் மறுநாளே இரும்பு வெட்டத் தொடங்கிவிடுவோம். அதற்கு மேல் இருந்தால் முதலில் பேலரைச் சரிசெய்யச் சொல்லிப் போன் செய்வோம், தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம்.

போன வருஷம் சட்டம் வாங்கி, ஓரத்துக் கட்டு விழுகிறது என்று சொன்ன மூவருக்கும்: உங்கள் அளவு கிடைத்ததும் கொக்கிகளின் இடத்தை மாற்றித் தருகிறோம், கூலி கிடையாது. சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவரும்போது சிலிண்டரையும் அதோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து