வாழைப்பூவும் தங்கச்சியின் இருமலும்

அன்பு முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நம் ஊரில் மழைக்கு விடுமுறை விடுவதுபோல இங்கே டெல்லியில் புகைக்கு விட்டிருக்கிறார்கள். பேரன் வீட்டிலேயே இருப்பதால் எழுத உட்கார முடியவில்லை. காலையில் பால் வாங்கி வந்து முகக்கவசத்தைக் கழற்றினால் மூக்குப் பக்கம் சாம்பல் பூத்திருக்கிறது.

தங்கச்சிக்கு இருமல் நிற்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். பீடி வாடையே ஆகாதவளுக்கு நுரையீரலில் என்ன கோளாறு வரும் என்றும் கேட்டிருந்தாய். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரிய தூசியை மூக்கும் சளியும் பிடித்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள், தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது, நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்விடும். அதன் மேல் இரும்பு, செம்பு, டீசலும் விறகும் எரிந்த கரிமச் சேர்மங்கள் எல்லாம் ஒட்டியிருக்கும். நம் உடம்பில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு எப்போதும் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. இரும்பு அதைத் தொட்டால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். செல்லின் சவ்வு, புரதம், மரபணு என்று எது கிடைத்தாலும் குதறிவிடும் ஜாதி அது. துகளை விழுங்க வரும் காவல் செல்களும் இதே வகைப் பொருட்களைத்தான் வீசுகின்றன. கிருமி என்றால் செத்துப்போகும். கரியும் இரும்பும் சாகுமா? அடி நம் திசுவுக்குத்தான்.

வாழைப்பூ காற்றுப் பட்டுக் கறுக்காமல் இருக்க உன் அம்மா மோர்த்தண்ணீரில் போடுவார்களே, நினைவிருக்கிறதா? நுரையீரலின் உள்சுவரிலும் அப்படி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. அதிலுள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளுட்டாதயோன் எல்லாம் முன்னால் போய் அடியைத் தாங்கிக்கொள்ளும். தினமும் புகை வந்தால் அந்த இருப்பு தீர்ந்துகொண்டே வரும். ஈடுகொடுக்க முடியாத அந்த நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். அப்புறம் அழற்சி (உள்ளே சிவந்து வீங்குவது), சளி, மூச்சிரைப்பு.

அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு இரும்பாலை 1986 ஆகஸ்டிலிருந்து 13 மாதம், தொழிலாளர் தகராறில் மூடிக்கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் மூச்சுக்கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆலை திறந்ததும் மறுபடி கூடியது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1989இல் இதை வெளியிட்டார். காற்றை அளந்த வடிதாள்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். பின்னாளில் அவற்றில் படிந்திருந்த துகளின் சாற்றைத் தண்ணீரில் எடுத்துத் தன்னார்வலர்களின் நுரையீரலில் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார்கள். அளவு ஒன்றுதான். ஆனால் ஆலை ஓடிய வருடத்துத் துகள் அழற்சியைக் கிளப்பியது, மூடியிருந்த வருடத்துத் துகள் அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. ஓடிய வருடத்துத் துகளில் உலோகம் அதிகம். எனக்கு இதில் பெரிய ஆறுதல், புகை நின்றால் உடனே பலன் தெரிகிறது என்பது.

அதனால்தான் கேட்கிறேன். சிலிண்டர் இரண்டு மாதம் வரவேண்டும் என்று வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பையே வைத்திருக்கிறீர்கள். போன பொங்கலுக்குப் பார்த்தேன். தங்கச்சி ஊதுகுழலால் ஊதிவிட்டு, அடுப்பு வாயிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறாள். எத்தனை வருடமாக இழுக்கிறாள்! அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

சிலிண்டர் செலவில் பாதி நான் அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. விறகு மூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கொல்லையில் திறந்த வெளியில் மூட்டுங்கள், வாயால் ஊதாமல் ஒரு கை விசிறியால் தள்ளி நின்று விசிறுங்கள். முதலில் அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் நுரையீரலின் திறனை ஊதிப் பார்க்கும் அந்த ஸ்பைரோமெட்ரி சோதனையை எடு. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. தை பிறந்ததும் வருகிறேன்.

உன்,
சம்பந்தம்