தேனி பஸ்ஸில் வந்த அக்காவுக்கு

கடந்த மாதம் மதுரையிலிருந்து தேனி செல்லும் பஸ்ஸில், உசிலம்பட்டியை நெருங்கும்போது என் ஒன்றரை வயது மகளுக்கு வலிப்பு வந்தது. கண்கள் மேலே செருகின, கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன, உதடு நீலம் பாய்ந்தது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஒருவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார்.

இருவரையும் தடுத்து நிறுத்தினீர்கள், அக்கா. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, எச்சில் வழிய விட்டீர்கள். "நீ மணியை மட்டும் பார் அம்மா. ஐந்து நிமிடத்துக்குள் நிற்கவில்லை என்றால் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்" என்றபடியே 108-ஐ அழைக்கச் சொன்னீர்கள். இரண்டு நிமிடத்தில் நின்றது. அந்த இரண்டு நிமிடமும் என் தோளில் இருந்த உங்கள் கையை நான் மறக்கவில்லை.

மூளைக்காய்ச்சல் இல்லை, காய்ச்சல் வலிப்புதான் என்றார் மருத்துவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருமாம். சாதாரண வைரஸ் காய்ச்சலே போதுமாம். இவ்வகைக் குறுகிய வலிப்பால் மூளைக்குப் பாதிப்பு இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. காய்ச்சல் இறங்கிய அன்று உடம்பெங்கும் இளஞ்சிவப்புத் தடிப்புகள். ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சல் என்றார்கள்.

ஆம்புலன்ஸ் வந்த பரபரப்பில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவள் தலைக்கு அடியில் வைத்த உங்கள் பூத்துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அக்கா.