செட்டித் தெருவைத் தேடிப் போனேன்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பச்சிக்கு,

இங்கு நலம். ஆத்தாவும் அப்பத்தாவும் சுகந்தானே? என் தாத்தா, நம் ஐயா, இருந்த கிட்டங்கியை, நம்மவர்கள் தங்கி வட்டித் தொழில் செய்த அந்த இடத்தை, போய்ப் பார்த்தாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். போனேன். போனில் சொன்னால் பேச்சு பாதியில் வேறெங்கோ போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம்மவர்கள் செட்டித் தெரு என்று சொன்ன மார்க்கெட் ஸ்திரீட் என் ஆபீஸிலிருந்து பத்து நிமிட நடைதான். பெயர்ப் பலகை இருக்கிறது. கிட்டங்கி ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடிபட்டு, 1984-இல் கார் நிறுத்தப் பல மாடிக் கட்டடம் ஒன்று வந்ததாம். அதுவும் போய், அந்த இடத்தில் 2021-இல் கட்டிய 51 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. உச்சியில் தோட்டம், வேலை நாட்களில் இலவசமாகவே விடுகிறார்கள். அரை நாள் லீவு போட்டு ஏறினேன். தரையில் பாய், முன்னால் கைப்பெட்டி, ராத்திரி அதே இடத்தில் படுக்கை என்று ஐயா சொன்ன ஆறடி இடம் இதற்குள் எந்த மூலையில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். நான் மட்டும் என்ன, யீஷூனில் ஒரே அறையில் மூன்று பேர். கட்டில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் சூலியா ஸ்திரீட் வழியாகச் சிங்கப்பூர் ஆற்றுக்கு இறங்கினேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவோம் என்பாரே ஐயா, இப்போது துளி நாற்றம் இல்லை. 1977-இல் ஆரம்பித்துப் பத்து வருஷம் சுத்தம் செய்திருக்கிறார்கள். முகப்பில் கண் வரைந்த சரக்குத் தோணிகளை 1983-இல் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அந்தத் தோணிகளின் வடிவத்தில் இப்போது சுற்றுலாப் படகு ஓடுகிறது. அரிசி மூட்டை இறங்கிய படித்துறைக் கடைகளெல்லாம் சாப்பாட்டுக் கடை, மதுக்கடை. ஓடு வேய்ந்த பழைய கட்டடங்களை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தி செட்டித் தெருவுக்கு வரவில்லையே என்று எனக்குக் கோபந்தான். நான் நின்ற நேரம் நாலைந்து நீர்நாய்கள் கரையேறி உடம்பை உதறின. ஐயா நம்பியிருக்க மாட்டார்.

கேவனா பாலம் அப்படியே இருக்கிறது. அதன் முனையில் வெள்ளைக்காரன் காலத்துப் பலகை ஒன்று, மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு (நூற்றைம்பது கிலோ சொச்சம்) மேல் கனமான வண்டிக்கும், மாடு குதிரைக்கும் அனுமதி இல்லை என்கிறது. இந்த ஊரில் மாட்டுக்கு எங்கே போவது! ஐயா பார்த்ததென்று நான் நம்பிச் சொல்லக்கூடியது அந்தப் பாலமும் பலகையுந்தான்.

டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கும் போய்வந்தேன். அங்கே ஒரு பெரியவர், “எந்தக் கதவு எண் கிட்டங்கி?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரணில் ஐயாவின் தகரப் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் பழைய கடித உறை ஏதாவது அகப்பட்டால் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம், தம்பியை ஏறச் சொல்லுங்கள்.

பணம் ஐந்தாம் தேதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்